சிறுவணிக லோகோவும் அச்சுப் பொருட்களும்: கடலூர், புதுச்சேரி கடைகளுக்கான முழுமையான வழிகாட்டி

சிறு கடையின் லோகோ ரப்பர் ஸ்டாம்பில் விழும், மஞ்சப்பையில் விழும், ஒற்றைக் கலர் பில் புக்கில் விழும். மல்டிகலர் விசிட்டிங் கார்டெல்லாம் அதற்குப் பிறகுதான். மோசமான அச்சில் நிற்காத லோகோ, நல்ல அச்சில் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைக்காரருக்குப் பாதிப் பயன்தான். அதனால் இந்த வழிகாட்டி மலிவான அச்சிலிருந்து தொடங்கி மேலே போகிறது. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் பண்ருட்டி முந்திரி விற்கும் ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். புதுச்சேரிக்கும் சரக்கு அனுப்புகிறது, பாக்கெட் போட்டும் விற்கிறது.

வரைவதற்கு முன் கேட்க வேண்டியவை

கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது பிடித்த கலர் என்ன என்பதல்ல. கடையின் பெயர் ஜி.எஸ்.டி. சான்றிதழில் எப்படி இருக்கிறது, வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறது, போர்டில் எப்படி எழுதப் போகிறார் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு இடத்தில் ஒரு விதமாகவும் இன்னொரு இடத்தில் வேறு விதமாகவும் இருந்தால், முடிவெடுக்க வேண்டிய நேரம் இதுதான். ஆயிரம் கார்டு அடித்த பிறகு அல்ல.

அடுத்தது முகவரி. இந்தப் பகுதியில் இது லேசான விஷயமில்லை. புதுச்சேரியின் நிலப்பகுதி கடலூர் மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கிறது. பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் பின்கோடு 607402 என்று கடலூர் வரிசையில் வரும். பின்கோடைப் பார்த்து மாநிலத்தை எழுதிவிடாதீர்கள். தொலைபேசிக் குறியீடு கடலூருக்கு 04142, புதுச்சேரிக்கு 0413. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. முகவரியில் உள்ள மாநிலமும் இந்த இரண்டு இலக்கமும் பொருந்துகின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாக, அடுத்த ஒரு வருஷத்தில் இந்த லோகோ எங்கெல்லாம் அச்சாகப் போகிறது என்று ஒரு பட்டியல் வாங்குங்கள். ஸ்டாம்ப், பை, பில், கார்டு, பாக்கெட் லேபிள், போர்டு, காலண்டர் என்று அது நீளும். வடிவமைப்பின் எல்லைகளை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கும்.

பெயரை எழுத்தாக்குவது

நம்மூர்க் கடைகளில் பெயரே லோகோ. படம் இரண்டாம் பட்சம். உழைப்பில் பாதியைத் தமிழ் எழுத்துக்குக் கொடுங்கள்.

உரிமைப் பிரச்சினை இல்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிம எழுத்துருக்கள் இப்போது நிறையவே இருக்கின்றன: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி 2, அனெக் தமிழ், மீரா இனிமை. இனிப்புக் கடை, குழந்தைகள் துணிக்கடை என்றால் பாலூ தம்பியின் உருண்டை வடிவம் பொருந்தும். வன்பொருள் கடைக்கு அது பொருந்தாது. அனெக் தமிழில் குறுகலானதிலிருந்து அகலமானது வரை பல அகலங்கள் இருப்பதால், நீளமான கடைப் பெயர்களுக்கு அதை முதலில் முயன்று பாருங்கள். எழுத்தை இழுத்து நசுக்கி இடத்தில் திணிக்கும் பழக்கத்துக்கு அதில் தேவையே இருக்காது.

தமிழ் எழுத்தில் அடிக்கடி கெடும் இடங்கள் மூன்று.

ஒன்று, உள்வெளி அடைபடுவது. ண, ஞ, இ, ஈ போன்ற எழுத்துகளுக்குள் உள்ள சிறு வெளிகள் அச்சில் மை பரவும்போது மூடிக்கொள்ளும். போல்டு இல்லாத எழுத்துருவுக்கு அவுட்லைன் கொடுத்துத் தடிமனாக்கினால் இது உறுதியாக நடக்கும். போல்டு உள்ள எழுத்துருவையே எடுங்கள்.

இரண்டு, எழுத்திடைவெளி. ஆங்கிலப் பேரெழுத்தை அகல விரித்து வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். அதையே தமிழில் செய்தால் கொம்பும் துணைக்காலும் தம் எழுத்தை விட்டு விலகி, ‘கோ’ மூன்று துண்டாகத் தெரியும். தமிழுக்கு இடைவெளியைச் சுழியத்திலேயே விட்டுவிட்டு, உறுத்தும் ஜோடிகளை மட்டும் கையால் நகர்த்துங்கள்.

மூன்று, மேலும் கீழும் போகும் உறுப்புகள். கி, தீ, ரீ ஆகியவற்றின் கொக்கி மேலே ஏறும். து, ரு, சு கீழே இறங்கும். இரண்டு வரிப் பெயரில் மேல்வரியின் ‘ரு’ கீழ்வரியின் ‘தீ’ மேல் மோதும். வரி இடைவெளியை எழுத்தளவில் 140 முதல் 150 சதவீதம் வரை வைத்துத் தொடங்குங்கள். பிறகு மோதாத இடங்களில் நெருக்கலாம்.

மென்பொருளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பேஜ்மேக்கரிலும் பழைய கோரல் டிரா பதிப்புகளிலும் யூனிகோடு தமிழ் ஒழுங்காக அமையாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால்தான் பல டி.டி.பி. கடைகள் இன்னும் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்கின்றன. இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இங்க்ஸ்கேப்பில் எதுவும் செய்யாமலே சரியாக வரும். எந்த மென்பொருளானாலும், அமைப்பு சரியென்று உறுதியானதும் எழுத்தைக் கர்வாக, அதாவது எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். கோரலில் கன்ட்ரோல், க்யூ. இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

கருப்பில் வரைந்து, சிறிதாக்கிப் பாருங்கள்

லோகோவை முழுக்க முழுக்கக் கருப்பில், நிழலும் கிரேடியன்ட்டும் (ஒரு நிறம் இன்னொன்றாக மங்கி மாறுவது) இல்லாமல், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டராக வரையுங்கள். பிறகு நான்கு சோதனைகள்.

1. 15 மி.மீ. அகலத்தில் லேசர் பிரிண்ட் எடுங்கள். கை நீட்டும் தூரத்தில் பிடித்து, பெயர் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். இந்த அளவில் படிக்க முடியாத துணை வாசகம் எதுவும் லோகோவுக்குள் இருக்கக்கூடாது. ‘மொத்தம் & சில்லறை’ என்பதெல்லாம் தனி வரியாக வெளியே வரட்டும்.
2. அந்தப் பிரிண்டை ஜெராக்ஸ் எடுங்கள். அந்த ஜெராக்ஸை மறுபடியும் ஜெராக்ஸ் எடுங்கள். இரண்டாவது நகலில் காணாமல் போகும் கோடு ரப்பர் ஸ்டாம்பிலும் காணாமல் போகும். ஸ்டாம்புக்கு 0.4 மி.மீ.க்குக் குறைந்த கோடு வேண்டாம்.
3. கருப்புப் பின்னணியில் வெள்ளையாக்கிப் பாருங்கள். வெள்ளை எழுத்துக்குள் நாலாபக்கமும் மை நுழையும். எனவே தலைகீழ் நிறத்துக்கு, கோடுகளைச் சற்றுத் தடிமனாக்கிய தனிப் பிரதி தேவைப்படலாம்.
4. மஞ்சள் பின்னணியில் சிவப்பு ஒற்றைக் கலராகப் பாருங்கள். மஞ்சப்பைக்கான சோதனை இது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. துணி போலத் தெரியும் நான்வோவன் பைகளும் அந்தத் தடையில் சேர்க்கப்பட்டன. அதில் லோகோ அடிக்கச் சொல்லும் கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பருத்தித் துணியில் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்யும்போது நெசவு மையை இழுக்கும். 1 மி.மீ.க்கு மெல்லிய கோடு உடைந்து விழும். ஒற்றைக் கலரே போதும். இரண்டாவது கலர் சேர்த்தால் இரண்டாவது ஸ்க்ரீன் வேண்டும், செலவும் ஏறும். துணி நகர்வதால் இரண்டு கலரும் துல்லியமாகப் பொருந்தவும் பொருந்தாது.

கலர்: இரண்டு மையில் அடங்கட்டும்

இந்த ஊர்களின் பல டி.டி.பி. கடைகள் மல்டிகலர் வேலையைச் சென்னைக்கோ சிவகாசிக்கோ அனுப்பித்தான் அடித்து வாங்குகின்றன. அங்கே உங்கள் கார்டு ஒரே பெரிய ஷீட்டில் வேறு பலரின் கார்டுகளோடு சேர்ந்து அச்சாகும். மல்டிகலர் என்பது சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளின் கலவை, சுருக்கமாக சி.எம்.ஒய்.கே. பக்கத்துக் கார்டில் அடர் சிவப்பு இருந்து, அதற்காக மெஜந்தாவை ஏற்றினால், உங்கள் கார்டிலும் மெஜந்தா ஏறும். ஒரே ஃபைல், மூன்று தடவை அடித்தால் மூன்று நிறம் வருவது இதனால்தான்.

இதற்குத் தற்காப்பு, லோகோவின் கலரை இரண்டு மைக்குள் அடக்குவது. மெஜந்தா 100 சதவீதம், மஞ்சள் 100 சதவீதம் சேர்ந்த குங்குமச் சிவப்பு கொஞ்சம் முன்பின் ஆனாலும் சிவப்பாகத்தான் இருக்கும். மெஜந்தா 20, மஞ்சள் 100 சேர்ந்த மஞ்சள் நிறமும் அப்படியே. முந்திரிக்குப் பொருத்தமென்று சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து ஒரு மென்பழுப்பு செய்தால், ஒரு தடவை பச்சையடிக்கும், அடுத்த தடவை ரோஸ் அடிக்கும். சாம்பல் வேண்டுமென்றால் கருப்பு மையின் 60 சதவீதமாகக் கொடுங்கள். நீலத்துக்குச் சயான் 100, மெஜந்தா 100 என்று கொடுத்தால் ஊதா வந்து நிற்கும். மெஜந்தாவை 70க்குக் குறையுங்கள்.

திரையில் பளிச்சிடும் கிளிப்பச்சையும் ஆரஞ்சும் சி.எம்.ஒய்.கே. அச்சில் வராது. தொடக்கத்திலேயே ஃபைலை சி.எம்.ஒய்.கே.வில் திறந்துவிட்டால், கடைக்காரருக்கு வராத நிறத்தைக் காட்டி ஆசை காட்ட வேண்டியிருக்காது.

சிறிய கருப்பு எழுத்து கருப்பு மை 100 மட்டும். மற்ற மூன்றும் சுழியம். நான்கு மையில் அமைந்த கருப்பு எழுத்து, பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் கலர் நிழலோடு மங்கும். பெரிய கருப்புப் பரப்புக்கு மட்டும் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்று கொடுக்கலாம். ஆர்ட் பேப்பரில் நான்கு மையின் கூட்டுத்தொகை 300 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மை காயாது, மேல் ஷீட்டின் பின்பக்கத்தில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம்.

விசிட்டிங் கார்டு

அளவு 3.5 × 2 அங்குலம், அதாவது 89 × 51 மி.மீ. நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீடு (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பின்னணி) சேர்த்து ஃபைல் 95 × 57 மி.மீ. வெட்டும் கோட்டிலிருந்து உள்ளே 4 மி.மீ.க்குள் எழுத்து எதுவும் வேண்டாம். நூற்றுக்கணக்கான ஷீட்டுகளை ஒரே கட்டாக வெட்டும்போது கத்தி ஒரு மி.மீ. சாய்வது சாதாரணம். கார்டைச் சுற்றி மெல்லிய பார்டர் போட்டால் அந்தச் சாய்வு பளிச்சென்று தெரியும். பார்டரே வேண்டாம்.

தமிழ் எழுத்து 8 பாயின்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. ஆங்கிலம் 7 வரை தாங்கும். தாள் 300 அல்லது 350 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் கார்டு. லேமினேஷன் போட்டால் இரு பக்கமும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் மறுபக்கம் ஈரம் உறிஞ்சி விரிந்து, கார்டு வளையும்.

100, 200 கார்டுக்கு டிஜிட்டல் பிரிண்ட்தான் லாபம். 13 × 19 அங்குல ஷீட்டில் ப்ளீடோடு 24 கார்டு அமையும். ஆயிரத்துக்கு மேல் ஆஃப்செட். பிளேட் செலவு எண்ணிக்கையில் பரவிவிடும்.

க்யூ.ஆர். குறியீடு 2 செ.மீ.க்குக் குறையாமல், கருப்பு மை மட்டும், வெள்ளைப் பின்னணியில் இருக்கட்டும். சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெற்றிடம் விடுங்கள். பெயர், முகவரி, எண் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் திணித்தால் கட்டங்கள் பொடியாகி மலிவான போனில் ஸ்கேன் ஆகாது.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த தாள் 1959 முதல் புதுச்சேரியில் தயாராகிறது. பருத்தித் துணுக்கிலிருந்து செய்யப்படும் சொரசொரப்பான தாள் அது. புடவைக் கடை, கைவினைக் கடை, விருந்தினர் இல்லம் போன்றவற்றுக்கு அது தரும் மதிப்பு ஆர்ட் கார்டில் கிடைக்காது. அதற்கு ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் பொருந்தும். பெரிய எழுத்து, ஒன்றிரண்டு கலர், புகைப்படம் கூடாது.

பில் புக்

அழகுக்கு இங்கே வேலை குறைவு, சரியாக இருப்பதற்குத்தான் வேலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 25 கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நம் முந்திரிக் கடை அங்கே சரக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. வரும். ஊருக்குள் விற்றால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. எனவே மூன்று கட்டமும் பில்லில் வேண்டும். சரக்கு சேரும் மாநிலத்துக்கும் அதன் குறியீட்டுக்கும் ஒரு வரி விடுங்கள். எச்.எஸ்.என். குறியீட்டுக்கு (வரிக்காகப் பொருளின் வகையைக் காட்டும் எண்) ஒரு பத்தி. பில் எண் 16 குறிகளுக்குள் அடங்க வேண்டும்.

சரக்கு விற்பனைக்கு மூன்று பிரதி: வாங்குபவருக்கு, வண்டிக்காரருக்கு, கடைக்கு. ஒவ்வொன்றின் தலையிலும் அது எந்தப் பிரதி என்பது அச்சாகியிருக்க வேண்டும். கார்பன் வேண்டாத தாளில் அடிப்பதானால் மேல், நடு, கீழ்த் தாள்கள் மூன்றும் வெவ்வேறு வகை. வரிசை மாறினால் எழுத்து கீழே இறங்காது. பைண்டிங் பக்கம் அரை அங்குலம், நம்பரிங் மெஷினுக்கு ஒரு அங்குல வெற்றிடம். கையால் எழுதும் வரிகளுக்கு 7 அல்லது 8 மி.மீ. உயரம் கொடுங்கள். 5 மி.மீ. வரியில் அவசரக் கையெழுத்து அடங்காது.

நோட்டீஸும் மூன்று மடிப்பும்

பிட் நோட்டீஸுக்கு ஏ5, 90 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் போதும். மூன்று மடிப்பு பிரோஷர்தான் பலர் கையில் கெடுகிறது. ஏ4 தாளின் 297 மி.மீ.யைச் சமமாக 99 ஆகப் பிரிக்கக்கூடாது. உள்ளே மடியும் இதழ் கொஞ்சம் குட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முட்டிக்கொண்டு மடங்கும். வெளிப்பக்கம் இடமிருந்து 97, 100, 100. உள்பக்கம் இடமிருந்து 100, 100, 97. 170 ஜி.எஸ்.எம்.மும் அதற்கு மேலும் உள்ள தாளுக்குக் க்ரீசிங் (மடிக்கும் இடத்தில் முன்கூட்டி அழுத்திக் கோடு போடுவது) கேளுங்கள். அடர் நிறத்தின் மேல் மடிப்பு விழுந்தால் க்ரீசிங் இல்லாத இடத்தில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

பாக்கெட் லேபிள்

லோகோவைப் பெரிதாக வைத்துவிட்டுக் கட்டாய விவரங்களை மிச்ச இடத்தில் நெருக்கும் பழக்கத்தை விடுங்கள். முதலில் அவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள்: பொருளின் பெயர், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, ஓர் அலகின் விலை, தயாரித்தவர் அல்லது பாக்கெட் செய்தவரின் பெயர், முகவரி, தேதி, பேட்ச் எண், காலாவதி, வாடிக்கையாளர் தொடர்பு, 14 இலக்க உணவு உரிம எண், உட்பொருட்கள், ஊட்டச்சத்து விவரம். சைவப் பொருளுக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். கடலூர் முதுநகர்க் கருவாட்டுக்கு என்றால் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். அசைவத்துக்கு இப்போது வட்டம் கிடையாது, பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டிவிடாதீர்கள். முந்திரி ஒவ்வாமை தரும் பொருள் என்பதால் அந்த அறிவிப்பும் வேண்டும்.

வறுத்த முந்திரியின் எண்ணெய் சாதாரண மேப்லித்தோ (பூச்சில்லாத தாள்) ஸ்டிக்கரில் ஊறிக் கறையாகும். லேமினேஷன் உள்ள ஸ்டிக்கரோ பி.பி. (பிளாஸ்டிக்) ஸ்டிக்கரோ கேளுங்கள். ஆனால் அதில் முத்திரையிடும் தேதியும் விலையும் லேமினேஷன் மேல் அழியாத மையில் விழ வேண்டும்.

போர்டு, ஃப்ளெக்ஸ், காலண்டர்

தமிழ்நாட்டுக் கடைப் போர்டில் தமிழ் மேலே, மற்ற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 5:3:2 என்ற விகிதத்தில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்பது அரசு சொல்லும் கணக்கு. லோகோவின் ஆங்கில வடிவத்தை மட்டும் செய்துவிட்டுத் தமிழைக் கடைசியில் ஏதோ ஒரு எழுத்துருவில் சேர்க்கும் வேலை இங்கேதான் மாட்டிக்கொள்ளும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர் வைக்கும் உணவகங்களுக்கு, எழுத்தின் தலையிலும் அடியிலும் விழும் குறிகள் நீங்கள் எடுத்த எழுத்துருவில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது ஆங்கிலப் பேரெழுத்துக்கான கணக்கு. தமிழுக்கு ஒன்றரை அங்குலம் வையுங்கள். 60 அடி தள்ளிப் போகும் பஸ்ஸிலிருந்து படிக்க 9 அங்குலம். 10 × 4 அடி ஃப்ளெக்ஸுக்கு நிஜ அளவில் 72 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், 8640 × 3456 பிக்சல். 300 டி.பி.ஐ. கொடுத்தால் ஃபைல் கனக்குமே தவிரத் தெளிவு கூடாது.

வெயிலில் மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். கிழக்குப் பார்த்த கடையில் சிவப்பு எழுத்து ஒரு வருஷத்தில் வெளிறினால் அதுதான் காரணம். உப்புக் காற்றில் இரும்புச் சட்டம் துருப்பிடித்து ஃப்ளெக்ஸில் வடியும், அலுமினியச் சட்டத்தைப் பரிந்துரையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய கரை இது. பெரிய போர்டைச் சுவரில் அறைந்து நிறுத்துவதை வடிவமைப்பாளர் தன் வேலை இல்லையென்று விடக்கூடாது. பொது இடத்தில் வைக்கும் பேனருக்கு முன் அனுமதி வேண்டும்.

தினசரி காலண்டரில் நடுப்பகுதியைத் தாள்கட்டு மறைத்துவிடும். லோகோவும் போன் எண்ணும் அதற்கு வெளியே. ஆடிப்பெருக்கையொட்டிச் சிவகாசி ஆல்பங்கள் வந்ததும் தேர்ந்தெடுத்துவிட்டால் மார்கழி நெரிசலில் சிக்க வேண்டாம். புதுச்சேரிக் கடைக்கானால் ஆகஸ்ட் 16, நவம்பர் 1 ஆகிய விடுமுறைகள் தாளில் உண்டா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

ஃபைல் அனுப்புவதும் ப்ரூஃப் பார்ப்பதும்

பிரஸ்ஸில் எந்தக் கோரல் பதிப்பு என்று கேட்டு அதற்கேற்ப இறக்கிச் சேமியுங்கள். கூடவே பி.டி.எஃப். ஒன்றும் போகட்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். படங்கள் நிஜ அளவில் 300 டி.பி.ஐ. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் போட்டோவாக அல்ல, டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் சுருங்கிவிடும்.

ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் நகலை, திரையில் பார்ப்பது பத்தாது. நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, அச்சிட்ட எண்ணைப் பார்த்து அந்த எண்ணுக்கே போன் செய்யுங்கள். க்யூ.ஆரை இரண்டு போனில் ஸ்கேன் செய்யுங்கள். ஒற்று, ர–ற, ல–ள–ழ, ண–ன ஆகியவற்றை வேலையில் சம்பந்தப்படாத ஒருவர் படிக்கட்டும். கடைக்காரரின் கையெழுத்தும் தேதியும் ப்ரூஃபிலேயே வாங்குங்கள்.

உரிமையும் ஒப்படைப்பும்

ஆன்லைன் டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்த முந்திரிப் படம் வேறு எத்தனையோ பேருக்கும் கிடைக்கும். அதைத் தனி அடையாளமாகக் காப்பாற்ற முடியாது. கடை பாக்கெட் போட்டு விற்கிறதென்றால் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் சென்னைப் பதிவகத்தின் கீழ் வருகின்றன. வறுத்துப் பதப்படுத்திய முந்திரி வகுப்பு 29, கருவாடும் அதேதான். உணவகம் 43. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது டி.எம். குறி போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவான பிறகுதான், முன்கூட்டிப் போட்டால் சட்டப்படி குற்றம்.

வடிவமைப்பாளருக்கும் கடைக்காரருக்கும் இடையே பதிப்புரிமையை மாற்றித் தரும் ஒரு பக்கத் தாள் கையெழுத்தோடு இருக்கட்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை எழுத்தில்தான் கேட்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். எனவே இரண்டையும் எழுதுங்கள்.

ஒப்படைக்கும் ஃபோல்டரில் திருத்தக்கூடிய மூல ஃபைல், கர்வாக மாற்றிய கோரல் ஃபைல், பி.டி.எஃப்., எஸ்.வி.ஜி., பின்னணி இல்லாத 2000 பிக்சல் பி.என்.ஜி. ஆகியவை இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் முழுக் கலர், கருப்பு, வெள்ளை என மூன்று வடிவில். எழுத்துருவின் பெயரையும் கலர் சதவீதங்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கடைக்காரரிடம் தாளாகவும் கொடுங்கள். அடுத்த தடவை அவர் போய் நிற்கப்போவது வேறு டி.டி.பி. கடையாக இருக்கலாம், அங்கே காட்ட அவரிடம் அந்தத் தாள்தான் இருக்கும்.